இரண்டு டம்ளர் அரிசி

செப்டம்பர் 4, திங்கள்

இன்று முதல் இந்த வீட்டுச் சமையல் என் பொறுப்பு. பாதிச் செலவில் முழுச் சாப்பாடு எப்படி என்று ஒவ்வொரு நாளும் இந்த டைரியில் எழுதப்போகிறேன். சிமெண்ட் கடைக்காரன் கொடுத்த டைரி, ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. பிற்காலத்தில் இது புத்தகமாக வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எழுதுகிறவன் தூத்துக்குடி தேவபிச்சை. வயது அறுபத்திரண்டு. தனியார் பஸ்ஸில் முப்பத்தாறு வருஷம் கண்டக்டர். படிப்பு எட்டாவது. ஆனால் அது அந்தக் காலத்து எட்டாவது. இப்போதைய காலேஜ் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினாலும் அதற்குக் காணாது.

என் மனைவி பியூலா நேற்று கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் நாசரேத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன். சாதாரண ஆபரேஷன் இல்லை, மதுரையிலிருந்து நாலு டாக்டர் வந்து செய்தது. பத்து நாளில் வந்துவிடுவாள்.

என் திறமைக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். போன வருஷம் வேலையிலிருந்து நின்றதும் மாத அரிசியை இருபது கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோவாகக் குறைத்தேன். வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. என் தட்டில் சோறு முன்பு எவ்வளவோ அவ்வளவேதான் விழுந்தது. அப்படியென்றால் அதற்கு முன் மாதாமாதம் எட்டுக் கிலோ வீணாகப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதைக் கண்டுபிடிக்க எந்த காலேஜும் தேவையில்லை.

அடுக்களை அலமாரியில் கைப்பிடி அரிசி டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. அது கோயில் சமாச்சாரம். அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

குக்கர் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசில் என் தொழில்.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். முப்பத்தாறு வருஷம் இந்தச் சட்டத்தில்தான் பஸ் ஓடியது. அதனால் குக்கர் முதல் விசில் கொடுத்ததும் அடுப்பை நிறுத்தினேன். பருப்பு கூழாங்கல் மாதிரி கிடந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி ஒரு விசில், மறுபடி நிறுத்தினேன். கை தன்னால் போகிறது, என்ன செய்ய?

மாடியில் குடியிருக்கும் ஜாஸ்மின் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் மாலத்தீவில் வேலை பார்க்கிறான். எங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, அரை மணி நேரமா குக்கர் ஒத்தை ஒத்தையா கத்துதே, என்னத்த வேக வைக்கிய?"

"பருப்பு."

"நாலு விசில் விடணும் மாமா."

"நாலு விசிலா? அது ஆபத்துக்கு அடிக்கிறது பிள்ள."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணிவாளி கீழே விழுந்தது. பருப்பை அப்படியே கடைந்து குடித்தேன். பல்லுக்கு நல்லது. கேஸும் மிச்சம்.

செப்டம்பர் 9, சனி

ஒரு சிறிய குழப்பம், எழுதி வைக்கிறேன்.

பியூலா தினமும் இந்த எவர்சில்வர் டம்ளரால் இரண்டு டம்ளர் அரிசி போடுவாள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கு இரண்டு. ஆகவே ஒருத்தனுக்கு ஒன்று. திங்கள், செவ்வாய் ஒரு டம்ளர் போட்டேன். மத்தியானத்தோடு பானை காலி. ராத்திரி தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். அதுவும் ஒரு வகை வைத்தியம்தான், ஜப்பானில் எல்லாரும் செய்கிறார்கள்.

புதனிலிருந்து இரண்டு டம்ளர். மத்தியானத்துக்கு ஆயிற்று, ராத்திரிக்கு ஆயிற்று, காலையில் தண்ணீர் ஊற்றிய பழையது ஒரு கிண்ணம். அதோடு சரி. மிச்சம் ஒரு பருக்கை இல்லை.

புது அரிசி போலிருக்கிறது. புது அரிசி பொங்காது.

செப்டம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. லேசாகத் தலைவலி.

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷீபா போன் பண்ணினாள். "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளையை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று, "குளிக்கிறாம்மா" என்றேன்.

"அப்பா, அம்மாகிட்ட இப்பதான் பேசிட்டு வச்சேன். சித்தி வீட்டுல துணி காயப்போட்டுட்டு இருக்கா."

"அதத்தாம்மா சொல்லுதேன். அங்க குளிச்சிட்டுத் துணி காயப்போடுவா."

 "சரி, நீங்க சாப்பிட்டியளா?" என்றாள். சாளை மீன் குழம்பு, சாளைப் பொரியல், ரசம், அப்பளம், ஒரு வாழைப்பழம் என்றேன். வாழைப்பழம் உண்மை.

செப்டம்பர் 13, புதன்

பியூலாவும் நானும் இன்று ஒரு மணி நேரம் போனில் பேசினோம்.

"நான்தான் பேசுதேன்" என்றேன்.

"ம்."

"புளி எங்க இருக்கு?"

"மேல் தட்டு. நீல மூடி."

"தங்கச்சி காலு எப்படி இருக்கு?"

"அவளுக்குப் போன வருசமே சரியாகிப் போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

அவள் வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் என்று எழுதியது, பேசி முடித்து நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து.

புளி மேல் தட்டில் நீல மூடிக்குள் இருந்தது. அது முதலிலேயே எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

வீட்டில் மாவு ஆட்டினால் இட்லி பாதிக் காசுக்கு முடியும். அதனால் இன்று கிரைண்டரை இறக்கினேன். உளுந்தை ஊறப்போடாமல் நேரடியாகப் போட்டேன், நேரம் மிச்சமாகுமே என்று. கிரைண்டர் பழைய டீசல் வண்டி மாதிரி இரைந்து, நகர்ந்து நகர்ந்து அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டது. பிறகு ஊறப்போட்டு ஆட்டினேன். மாவு பொங்கி வந்தது. ஆனால் உள்ளே கிடக்கும் கல்லைத் தூக்க முடியவில்லை. அது கல் இல்லை, மலை. நானும் பஸ் கூரையில் நெல்மூட்டை ஏற்றியவன்தான், ஆனால் இதற்கு ஏதோ ஒரு பிடி இருக்கிறது, அது பிடிபடவில்லை. கல்லை உள்ளே வைத்துக்கொண்டே அகப்பையால் வழித்தேன். பாதி மாவு என் சட்டையில்.

பியூலா ஒரு கையால் தூக்குவாள். வாரம் இரண்டு தடவை. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எனக்கு இடைஞ்சல் என்று சொல்வேன்.

சட்டையைத் துவைத்துவிட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

பாக்கெட் மாவு வாங்கினேன். கவரைக் குப்பையில் அடியில் போட்டேன், ஜாஸ்மின் பார்த்தால் ஊரெல்லாம் சொல்லுவாள்.

செப்டம்பர் 22, வெள்ளி

சாப்பிடும்போது, "பியூலா, அந்த உப்பை எடு" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நானே எழுந்து போய் எடுத்துக்கொண்டேன். நடை உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 25, திங்கள்

அரிசி தீர்ந்தது. செல்லப்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். நான் போட்ட சண்டையில் கடை வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, புது அரிசியக் குடுத்து ஏமாத்துதியளா? ரெண்டு டம்ளர் போட்டா ஒருத்தனுக்குத்தான் காணுது."

அவர் சாக்கிலிருந்து கொஞ்சம் அள்ளி என் கையில் கொட்டினார். "நல்லாப் பாருங்க. ரெண்டு வருசத்துப் பழசு. அக்கா எப்பவும் வாங்குற அதே அரிசிதான். பொங்கலன்னு அவுங்க ஒரு நாளும் சொல்லலியே?"

"பின்ன ரெண்டு பேரும் இத எப்படிச் சாப்பிட்டோம்?"

"அத ஏன் எங்கிட்டக் கேக்கிய? ஒரே வீட்டுலதான இருந்திய."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐம்பது பேர் இல்லை, மூன்று பேர்.

பியூலாவுக்குக் கொறிக்கும் உடம்பு. சில பெண்களுக்கு அப்படி உண்டு, சிட்டுக்குருவி மாதிரி. எனக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

இன்று கோயிலுக்குப் போனேன், பின் வரிசையில் உட்கார்ந்தேன். கோயிலில் பலர் என்னைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று வெளியாட்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கோயிலில் பெண்கள் சங்கம் வீட்டுக்கொரு தகர டப்பா கொடுத்திருக்கிறது, குடும்பத் தலைவன் பேர் எழுதியது. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து இதில் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாப் பெண்களும் கொண்டுவந்து கொட்டுவார்கள். இல்லாத வீடுகளுக்குப் போகும். பாக்கியம் டீச்சர் சங்கச் செயலாளர், கொடுத்தவர்கள் பேரை வாசிப்பார்.

இன்றும் வாசித்தார். நடுவில், "தேவபிச்சை குடும்பம்" என்றார்.

 எங்கள் டப்பா வீட்டில் கவிழ்ந்து கிடக்கிறது.

வெளியே வந்ததும் டீச்சரே என்னிடம் வந்தார். "பியூலா நாசரேத் பஸ்ல குடுத்துவிட்டா. டப்பா இல்லியாம். ஒரு துணிப்பையில போட்டு, மேல ஒங்க பேர எழுதியிருந்தா."

"ஆமா டீச்சர். நான்தான் போன்ல சொன்னேன், காணிக்கை விட்டுறக் கூடாதுன்னு."

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போன மாசம் வெறும் டப்பாவத் தொறந்து எல்லாப் பொம்பளைங்களுக்கும் முன்னால கவுத்திக் காட்டிட்டு நின்னாளே. அதுவும் நீங்க சொன்னதுதானா?"

டீச்சருக்கு வயதாகிவிட்டது. என்ன பேசுகிறோம் என்று தெரிவதில்லை.

அக்டோபர் 2, திங்கள்

ஒரு விஷயம் முதல் பக்கத்தில் விட்டுப்போயிற்று. எழுத்து வேலையில் இது சகஜம்.

செப்டம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை அலமாரியைச் சோதனை போட்டேன். அந்த டப்பா நிறைய அரிசி இருந்தது. மூன்று கிலோ தேறும். பன்னிரண்டு கிலோவில் மூன்று கிலோவா என்று எனக்குக் கோபம் வந்தது. அதைத் தூக்கி வீட்டு அரிசிப் பானையில் கொட்டிவிட்டு, டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் கொட்ட வேண்டும் என்று சட்டம் இல்லையே. என் வீட்டு அரிசி என் வீட்டுப் பானைக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்த அவசரத்தில் அவள் அதைத் திறந்தும் பார்க்காமல், கனமும் பார்க்காமல் பையில் வைத்து எடுத்துப் போனாள்.

திரும்பி வந்தாள். டப்பாவை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்தாள். "பியூலா, எங்க போற?" என்று கேட்டேன். "எட்டுக் கிலோ மிச்சம் பிடிச்சியளே. நானும் போயிட்டா பன்னெண்டும் மிச்சம்" என்றாள்.

பேச்சில் அவள் எப்போதும் கெட்டிக்காரி. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஜாஸ்மின் ஒரு கிண்ணத்தில் மொச்சைக் குழம்பு கொண்டுவந்தாள். பேச்சுவாக்கில் நான் சிட்டுக்குருவி விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தைக்கா? கொறிக்கிற உடம்பா?" என்றாள். "நல்லாச் சாப்பிடுவாவளே மாமா. முந்தி எங்க வீட்டுக் கல்யாணத்துல என்கூடத்தான் உக்காந்தாவ. மூணு தடவ சோறு வாங்கினாவ."

"அப்படியா?"

"இந்த ஒரு வருசமாத்தான். தினம் நாலு மணிக்கு மேல வந்து டீ குடிப்பாவ. ரெண்டு பிஸ்கட் தின்னுவாவ. இன்னும் ஒண்ணு எடுங்கத்தன்னா, வேண்டாம்பாவ. அப்போ பிஸ்கட் டப்பாவப் பாக்கிற பார்வை இருக்கே..." அவள் நிறுத்திக்கொண்டாள். "குழம்பு உறைப்பா மாமா? கண்ணு கலங்குது."

"உறைப்புத்தான்" என்றேன்.

மொச்சைக் குழம்பில் உறைப்பே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மிளகாய் போடத் தெரியாது.

அக்டோபர் 9, திங்கள்

சின்னப் பரிசோதனை ஒன்று செய்தேன். இரண்டு டம்ளர் அரிசி அளந்தேன். அதில் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தேன். மீதியைச் சோறாக்கி, நான் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்டேன். பிறகு பானையைப் பார்த்தேன்.

அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினால் ஒரு கரண்டி வரும்.

நான் எப்போதும் முதலில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அவள் அடுக்களையில் பிறகு சாப்பிடுவாள். நான் மத்தியானத் தூக்கத்தில் இருப்பேன்.

அந்த டப்பா அரிசி என் அரிசி என்று எழுதியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் என் பங்கு அரிசி என் தட்டில் முழுசாக விழுந்திருக்கிறது. பிடி என்று எடுத்தது வேறு யாருடைய தட்டிலிருந்தோ.

டப்பாவை நிமிர்த்தி வைத்தேன். எடுத்த பிடியை அதில் போட்டேன். தகரத்தில் அரிசி விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

அக்டோபர் 11, புதன்

பிடி எடுத்தேன். மத்தியானம் பசித்தது. எடுத்ததைத் திருப்பி உலையில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

நேற்றும் அப்படியே, இன்றும் அப்படியே. ராத்திரிக்குள் இரண்டு நாளைக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

பிடி எடுத்துப் போட்டேன். டப்பாவைக் கைக்கெட்டாத மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறுவதற்குள் புத்தி வந்துவிடும்.

அக்டோபர் 19, வியாழன்

இன்று நாசரேத் போய் வந்தேன். சாளை மீன் குழம்பு. சந்தை கலையும் நேரத்தில் வாங்கினால் சாளை பாதி விலை, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஏறினேன். பஸ்ஸில் கண்டக்டர் பையன் என் காலில் விழாத குறை. "நீங்க பழைய தேவபிச்சை அண்ணாச்சில்லா" என்று டிக்கெட்டுக்குக் காசே வாங்க மாட்டேன் என்றான். நான்தான் வற்புறுத்திக் காசு கொடுத்தேன்.

தங்கச்சி வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் எங்கேயோ வெளியூர் போயிருக்கிறார்கள் போல. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். குழம்பு வீணாகக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வீடு பூட்டியிருக்கவில்லை.

அக்டோபர் 21, சனி

அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தங்கச்சி என்னவோ சொன்னாள், பியூலா சிரித்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கன்னம் ரொம்பி, முன்பு மாதிரி இருக்கிறாள். எதிர் டீக்கடையில் நான் ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடித்தேன்.

உள்ளே போய் என்ன சொல்லுவேன்? குழம்பு கொண்டுவந்தேன் என்றா?

அந்தக் கண்டக்டர் பையனுக்கு என்னைத் தெரியவில்லை. உள்ளே போ பெருசு, படியில் நிற்காதே என்றான்.

அக்டோபர் 29, ஞாயிறு

ஸ்டூல் போட்டு ஏறி, பிடி போட்டு இறங்கினேன். டப்பா பாதிக்கு மேல் வந்துவிட்டது.

நான் சாப்பிடுவது அந்த ஒரு பிடி அளவுக்குக் குறைந்திருக்கிறது. மீதி இப்போதும் தீர்ந்துதான் போகிறது. இன்று பசி நேரத்தில், அவள் சாப்பிடுகிற இடத்தில், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து கூடம் தெரிகிறது. பேப்பர் படிக்கிற நாற்காலி நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 5, ஞாயிறு

டப்பாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ராத்திரியே கல் பொறுக்கி வைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்றேன். முப்பது பெண்கள், ஒரு ஆண். ஒருத்தி, "அண்ணாச்சி, வண்டி மாறி ஏறிட்டிய. இது லேடீஸ் ஸ்பெஷல்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பழக்க தோஷத்தில், "முன்னால நகருங்கம்மா, முன்னால நகருங்க" என்றேன். இன்னும் சிரித்தார்கள். காது சூடாக இருந்தது, ஆனால் வரிசையை விட்டு இறங்கவில்லை.

என் முறை வந்தது. மேசையில் ஏற்கெனவே ஒரு துணிப்பை இருந்தது. பியூலாவின் கையெழுத்து. தேவபிச்சை குடும்பம், தூத்துக்குடி.

பாக்கியம் டீச்சர் என் டப்பாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ஒரு வீட்டுல இருந்து ரெண்டு வந்திருக்கே. எது ஒங்க வீடு?"

டப்பாவிலும் என் பேர், பையிலும் என் பேர். டப்பாவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

டீச்சர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். "கல்லு பொறுக்கியிருக்கிய. தினமும் போட்டியளா?"

தினமும் போட்டேன் என்று வாய்வரை வந்தது. "இல்ல டீச்சர். ரெண்டு நாள் எடுத்துட்டுத் திருப்பி உலையில போட்டுட்டேன். பசிச்சுது."

டீச்சர் கையிலிருந்த அரிசியை டப்பாவில் திருப்பி விட்டார். பிறகு தன் பையிலிருந்து போனை எடுத்தார். "சரி, போங்க. பின்னால ஆளு நிக்கி."

சாயந்திரம் டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. பியூலா கண்ணாடியை இங்கே விட்டுவிட்டாளாம். நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் திரும்புகிறாளாம்.

கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டு மாதம் அது இல்லாமல் அவள் எப்படி வேதம் வாசித்தாளோ.

நவம்பர் 6, திங்கள், காலை

நாலு டம்ளர் போட்டிருக்கிறேன். கூடிப்போனால் போகட்டும். அதில் பிடி எடுத்தாயிற்று.

அதே நாள், மாலை

பதினொன்றேகாலுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கண்ணாடிய எடுக்க வந்தேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள்.

"அலமாரியில இருக்கு" என்றேன்.

அடுக்களைக்குள் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். குப்பையிலிருந்து நேற்று வாங்கிய மாவு பாக்கெட் கவரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னது?"

"ஜாஸ்மின் வீட்டுக் குப்பை."

"அவ வீட்டுல குப்பைத் தொட்டி கெடையாதா?"

 அவள் சோற்றுப் பானையைத் திறந்தாள்.

"யாரு வாராவ?"

"ஒருத்தரும் வரல."

"பின்ன இவ்வளவு யாருக்கு?"

நல்ல பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து பத்துப் பேர் என் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்க வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் வரவில்லை என்று. வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"நமக்குத்தான். ரெண்டு பேருக்கு இதுதான் அளவு" என்றேன்.

அவள் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். டப்பா மேல் தட்டில் நிமிர்ந்து இருந்தது, கீழே ஸ்டூல். அவள் ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்தாள். உள்ளே இன்றைக்குப் போட்ட ஒரே ஒரு பிடி கிடந்தது. மூடிவிட்டு இறங்கினாள்.

"ஒங்க கை பெரிய கை" என்றாள். 

அவளை முதலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். சாளைக் குழம்பு, முட்டைக்கோஸ், ரசம்.

"புளி கூடிப்போச்சு" என்றாள்.

"ஆமா."

"உப்பும் கூடிப்போச்சு."

"ஆமா."

அவள் சாப்பிட்டாள். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை முதல் உருண்டையிலிருந்து கடைசி உருண்டை வரை நான் உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான். கரண்டியோடு நின்றேன். மறுசோறு வாங்கினாள். குழம்பு வேண்டாம் என்று கையைக் காட்டி, ரசம் ஊற்றச் சொன்னாள்.

பிறகு நான் சாப்பிட்டேன். தட்டுகளைக் கொல்லைக்கு எடுத்துப் போய் விளக்கினேன். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அடுக்களை மேடையில் இரண்டு பாத்திரம். ஒன்றில் இட்லி அரிசி, ஒன்றில் உளுந்து. தண்ணீருக்கு அடியில் கிடந்தன.

மணி ஒன்று ஐம்பது.

இரண்டு மாதத்துக்கு முன்பு என்றால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இப்போது ஊறப்போடுகிற உளுந்து நாலு மணிக்குத்தான் ஆட்டுகிற பதத்துக்கு வரும். அரிசிக்கு இன்னும் கூட நேரம் வேண்டும். ஆட்டி, கரைத்து, ராத்திரி முழுக்கப் புளித்தால்தான் காலையில் இட்லி. அந்தக் கல்லைத் தூக்க இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.  கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். ஒரு எழுத்தும் படிக்கவில்லை.

நாலு மணிக்குப் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. நிற்கிற சத்தம் எனக்குத் தெரியும். யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அடுக்களையில் அசைவே இல்லை. 

இரண்டு விசில் கேட்டது. பஸ் போய்விட்டது.

உள்ளே கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.